கருஞ்சீரகத்துக்கும் அதே அளவுகோல்தான்



போன கிழமை வகுப்பில் ஒரு மகள் கேட்டா: "டீச்சர், கருஞ்சீரகம் கொரோனாவை அழிக்கும் என்று ஆய்வுல நிரூபிச்சிட்டாங்களாமே? உம்மாட போனுக்கு வந்திச்சி." அதே செய்தி நம்ம தில்லையடி வட்ஸ்அப் குரூப்களிலும் சுற்றுவதால் இங்கே எழுதுகிறேன்.

அது முழுப் பொய் இல்லை. கருஞ்சீரகத்தில் உள்ள தைமோகுவினோனும் மஞ்சளில் உள்ள குர்குமினும் ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில் வைரஸ் பெருகுவதைக் குறைத்திருக்கின்றன. ஆனால் ஆய்வுகூடத் தட்டு வேறு, உடம்பு வேறு. மஞ்சள் சாப்பிட்டால் குர்குமின் இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். குடலும் ஈரலும் அதை வேகமாக மாற்றி வெளியேற்றிவிடும். ஹைட்ரொக்சிகுளோரோகுயினும் தட்டில் வைரஸைத் தடுத்ததுதான். 2020 இல் பிரித்தானியாவில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் பரிசோதித்தபோது அது உயிரைக் காக்கவில்லை.

பாகிஸ்தானில் தேனையும் கருஞ்சீரகத்தையும் 313 நோயாளிகள் பங்கெடுத்த ஆய்வில் பரிசோதித்து, நல்ல பலன் என்று எழுதியிருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் வேறு இடங்களில், இன்னும் பெரிய அளவில் செய்தாலும் அதே முடிவு வர வேண்டும்.

2020 டிசம்பர் ஞாபகம் இருக்கா? கேகாலை தம்மிக்க பண்டாரவின் பாணிக்கு ஆயிரக்கணக்கில் சனம் வரிசையில் நின்றது. அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சியும் அதைக் குடித்தார். அடுத்த மாதமே அவருக்கும் தொற்று. நாம் சிரித்தோம்.

அதே டிசம்பரில்தான் 20 நாள் பச்சைப் பிள்ளையின் ஜனாஸாவையும் எரித்தார்கள். அடக்கினால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்றார்கள். "ஆதாரம் எங்கே?" என்று கேட்டோம். அடக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொன்னதைக் காட்டினோம். 2021 பெப்ரவரியில் தடை நீங்கும்வரை அந்தக் கேள்வியை நாம் விடவில்லை. அப்படி ஆதாரம் கேட்ட சமூகம், நமக்குப் பிடித்த மருந்து என்றதும் கேட்காமல் விடலாமா?

கருஞ்சீரகத்தின் சிறப்பு ஹதீஸில் உண்டு, நான் மறுக்க வரவில்லை. எங்கட வீட்டிலும் கருஞ்சீரகம் இருக்கிறது. ஆனால் "இத்தனை கரண்டி குடித்தால் கொரோனா போகும், ஆஸ்பத்திரி வேண்டாம்" என்பது யாரோ எழுதிய செய்தி. அதை நபியவர்களின் பெயரில் அனுப்புவது பாரதூரமான விஷயம்.

செடியில் மருந்து இல்லை என்றும் நான் சொல்லவில்லை. சீனாவின் து யூயூ பழைய வைத்திய நூல் ஒன்றின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு மூலிகையிலிருந்து மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் எடுத்தார். 2015 இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பழைய நூலை மதித்தார். மதித்ததால்தான் சோதித்தும் பார்த்தார்.

ஆகவே கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள், தொண்டைக்கு இதம். மூச்சு எடுக்கக் கஷ்டமென்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சீனி, பிரஷர் மருந்து எடுப்பவர்கள் கருஞ்சீரக எண்ணெய் குடிக்க முன் டொக்டரிடம் கேளுங்கள், அது இரண்டையும் குறைக்கக்கூடியது.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் அனுப்ப முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: தட்டிலா, மனிதரிலா? எத்தனை பேரில்? அந்த மகளுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். இன்ஷா அல்லாஹ், அவ உம்மாவுக்குச் சொல்லுவா.