நிறுத்திய நாளுக்குக் கூலி

பொறியியல் படித்தவர்களுக்கு அந்தப் பேப்பர் நினைவிருக்கும். புரொஃபஷனல் எதிக்ஸ். கோல்பெர்க், கில்லிகன், மூன்று மைல் தீவு, செர்னோபில், போபால். முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்தால் பாஸ். அதே சரக்குதான் கட்டுமானத் தளங்களுக்கும் ‘நெறிமுறைப் பயிற்சி’ என்று போகிறது. காலையில் டூல்பாக்ஸ் டாக், ஒரு உறுதிமொழி, பதிவேட்டில் கையெழுத்து, ஹெல்மெட்டோடு குரூப் போட்டோ. ஆட்களை நல்லவர்களாக்கிவிட்டால் கட்டடம் தானாக நிற்கும் என்பது இதன் நம்பிக்கை. வேலை எடுத்தவருக்கு இதைவிட வசதியான நம்பிக்கை கிடையாது.

வடசென்னையில் நடந்த மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் தொட்டால் பூச்சு உதிர்ந்தது. எத்தனையோ கையெழுத்துகளைத் தாண்டி வந்த சுவர் அது. கடைசியில் அதைச் சோதித்தது குடிவந்தவர்களின் விரல். அதே வருஷம் டிசம்பர் 27, திருவொற்றியூர் அரிவாக்குளம். வாரியத்தின் பழைய அடுக்குமாடியில் விரிசலைப் பார்த்த ஜனங்கள் வெளியே வந்துவிட்டார்கள். 24 வீடுகள் மொத்தமாகச் சரிந்தன. ஒரு உயிர்கூடப் போகவில்லை. அவர்களுக்கு யாரும் எதிக்ஸ் வகுப்பு எடுத்திருக்கவில்லை. வெளியே போகலாமா என்று கேட்க வேண்டிய மேலாள் ஒருத்தரும் இல்லை, அவ்வளவுதான்.

2025 செப்டம்பர் 30, எண்ணூர். சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் எஃகு வளைவு சரிந்து ஒன்பது பேர் செத்தார்கள். அசாம் பக்கமிருந்து வந்தவர்கள். மாநில அரசு தலா 10 லட்சம், பிரதமர் நிவாரணத்திலிருந்து 2 லட்சம் அறிவித்தார்கள்.

அன்று என்ன பிசகியது என்பது விசாரணையின் வேலை. என் கேள்வி வேறு. அந்த மாதிரி உயரத்தில் சாரத்தில் நிற்கிறவருக்கு ஏதோ ஆடுவதுபோலத் தோன்றினால் யாரிடம் சொல்வார், எந்த மொழியில்? மேஸ்திரியிடம். மேஸ்திரி சப்-கான்ட்ராக்டரிடம். அவர் அவருக்கு மேலே. ஒவ்வொரு படியிலும் ஒரு கெடு தேதி உட்கார்ந்திருக்கிறது. சொன்னவர் இறங்கி நின்றால் அன்றைய கூலி போச்சு. நாளைக்கு அந்த இடத்தில் வேறு ஆள்.

சைட் இன்ஜினியர் பாடும் இதுதான். ஐ.எஸ். 456 தெளிவாகச் சொல்கிறது: 6 மீட்டருக்கு மேல் நீளும் பீமுக்கு அடியில் முட்டு 21 நாள் நிற்கணும். அடுத்த மாடிக்கு சென்டிரிங் சாமான் வேண்டும், பத்தாம் நாளே கழற்று என்கிறார்கள். இருபத்து மூணு வயசுப் பையனுக்கு விதி தெரியாதா? நல்லாவே தெரியும். ‘கழற்ற மாட்டேன்’ என்று சொன்ன பிறகும் அடுத்த மாசச் சம்பளம் வருமா என்பதுதான் தெரியாது. அவனுக்குப் போய் கோல்பெர்க்கின் ஆறு படிநிலைகளைச் சொல்லிக்கொடுப்பது, எனக்கென்னவோ, கேலியாகத்தான் படுகிறது.

மென்பொருள் உலகம் ஒன்றும் புனிதர்களின் கூடாரமல்ல. ஆனால் நான் பார்த்த சில டீம்களில், நேற்றுச் சேர்ந்த பெண்கூட ஒரு ரிலீஸை நிறுத்தலாம். பட்டன் இருக்கிறது. அழுத்தியதற்காக யாரும் அவளை வீட்டுக்கு அனுப்புவதில்லை. இத்தனைக்கும் நாங்கள் தப்பாக அனுப்பியதை ராத்திரியோடு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கான்கிரீட்டில் அந்த வசதி இல்லை.

அப்ப பயிற்சியே வேண்டாமா என்பார்கள். வேணும். பெல்ட்டை எங்கே மாட்டணும், சாரத்தை எப்படிச் சோதிக்கணும் என்று அவரவர் மொழியில் சொல்லிக்கொடுங்கள். ஒழுக்கத்தை மட்டும் மேலே இருக்கிறவர்களுக்கு, ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுங்கள். இதில் புதுசு எதுவுமில்லை. ஐநூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தளத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் முதலாளி தரப்பைவிடக் குறையக் கூடாது என்று 1996-ன் கட்டடத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆபத்து தெரிந்தால் விலகிப்போகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1988 உடன்படிக்கை சொல்கிறது.

ஒரு டெண்டரில் சிமென்டுக்கு வரி இருக்கிறது, கம்பிக்கு இருக்கிறது, தாமத அபராதத்துக்குப் பக்கமே இருக்கிறது. ‘ஆபத்து என்று தொழிலாளி நிறுத்திய நாளுக்கு முழுக் கூலி, அந்த நாள் தாமதக் கணக்கில் சேராது’ என்று ஒரே ஒரு வரி. எண்ணூரில் அடுத்த வேலைக்கு டெண்டர் விடுகிறவர்கள் அதை எழுதிக் காட்டட்டும். உறுதிமொழியை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.