பேரைச் சொல்லவா: டிர்க்

2013 ஐ.பி.எல்லில் நம்ம சென்னை அணிக்காகச் சில ஆட்டங்களில் பந்து வீசிய டிர்க் நானஸை ஞாபகம் இருக்கிறதா? பிறந்தது ஆஸ்திரேலியா, பெற்றோர் நெதர்லாந்துக்காரர்கள். 2009 டி-20 உலகக் கோப்பையில் இங்கிலாந்தை லார்ட்ஸ் மைதானத்திலேயே நெதர்லாந்து தோற்கடித்ததே, அந்த அணியிலும் அவர் இருந்தார். அவருடைய பேரில் முதல் பாதிதான் இந்த வாரம் நமக்கு விஷயம்.

டிர்க் என்பது செல்லச் சுருக்கம். முழுப் பெயர் டீடரிக். இன்னும் பின்னால் போனால் பழைய ஜெர்மானியச் சொற்கள் இரண்டு கிடைக்கும். ‘தியூடோ’ என்றால் மக்கள், ‘ரீக்’ என்றால் ஆள்பவன். 493 முதல் 526 வரை இத்தாலியை ஆண்ட மன்னர் தியோடரிக்கின் பெயரும் இதுவேதான்.

சுவாரஸ்யம் அந்த முதல் சொல்லில் இருக்கிறது. படித்தவர்களின் லத்தீன் ஒரு பக்கம், சாதாரண ஜனங்கள் பேசுகிற மொழி இன்னொரு பக்கம் என்று இருந்த காலத்தில், ஜனங்களின் மொழியைக் குறிக்க அதிலிருந்துதான் ஒரு சொல் பிறந்தது. அதுவே ஆங்கிலத்தில் ‘டச்’ ஆனது, ஜெர்மனியில் ‘டாய்ச்’ ஆனது. டிர்க் என்று ஒருவரைக் கூப்பிட்டால், டச்சு என்ற சொல்லின் வேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறோம்!

ஹாலந்தை ஆண்ட பிரபுக்களில் மட்டும் ஏழு டிர்க்குகள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அங்கேயும் வழக்கம். நம் ‘பேரன்’ கூட ‘பெயரன்’தானே? இரண்டாம் டிர்க்கின் பேரன்தான் மூன்றாம் டிர்க். பொல்லாத ஆள். ஆற்று வழியே போன வியாபாரிகளிடம் தன் இஷ்டத்துக்குச் சுங்கம் வசூலித்தார். தண்டிக்க வந்த பேரரசரின் படையை 1018ல் ஃபிளார்டிங்கன் என்ற ஊரில் விரட்டியடித்தார்.

இந்தப் பெயருக்கு வெளிநாட்டிலும் சொந்தக்காரர்கள் உண்டு. இங்கிலாந்தில் டெரெக், பிரான்ஸில் தியெரி (கால்பந்து தியெரி ஆன்ரி நினைவிருக்கும்), ஜெர்மனியில் டீட்ரிஷ். இந்த டீட்ரிஷுக்கு அங்கே இன்னொரு அர்த்தமும் இருக்கிறது: திருடன் பூட்டைத் திறக்கிற கம்பி. ராஜா பெயருக்கு வந்த கதியைப் பாருங்கள்.

டச்சு டிர்க்குகளில் எனக்குப் பிடித்தவர் ஒரு கப்பல் கேப்டன். 1616 அக்டோபர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அருகே ஒரு தீவில் இறங்கிய டிர்க் ஹார்ட்டாக், வெள்ளீயக் கலவைத் தட்டு ஒன்றைத் தட்டையாக்கி, தேதியையும் கப்பல் பெயரையும் தன் பெயரையும் பொறித்து, ஒரு கம்பத்தில் அடித்து வைத்துவிட்டுப் போனார். 81 வருஷம் கழித்து அங்கே வந்த இன்னொரு டச்சு கேப்டன் அதைக் கண்டெடுத்தார். பழைய வாசகத்தைப் புதுத் தட்டில் அப்படியே எழுதி வைத்துவிட்டு, பழசைப் பத்திரமாக எடுத்துப் போனார். அது இப்போது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் தீவுக்கு இன்றும் டிர்க் ஹார்ட்டாக் தீவு என்றுதான் பெயர்.