கலெக்‌ஷன் கணக்கோட என்னட்ட வராதேங்கோ

"175 மில்லியன் டொலர் செலவு, 174 மில்லியன் வசூல். ஒரு மில்லியன்தானே மச்சான் நட்டம்? அதைப் போய் படுதோல்வி எண்டு சொல்லுறது அநியாயம்."

போன கிழமை நண்பன் ஒருத்தன் இப்படிச் சொன்னான். அந்தப் படத்தைப் பார்க்கேக்க வராத சிரிப்பு, அவன் கணக்குச் சொல்லேக்க வந்தது.

படம், 2007 ஜூனில் வந்த இவான் ஒல்மைட்டி. (எவன் எண்டுதான் உச்சரிக்கோணும். தமிழில் அப்பிடி எழுதினால் வேற அர்த்தம் வந்திடும்.) 2003இல் ஜிம் கேரி நடிச்ச புரூஸ் ஒல்மைட்டியின் இரண்டாம் பாகம். முதல் பாகத்துக்கு 80 மில்லியன் அளவில் செலவு, உலகம் முழுக்க 484 மில்லியன் வசூல். ஜிம் கேரி இரண்டாவதுக்கு வரமாட்டன் எண்டிட்டார். ஆனபடியால் முதல் பாகத்தில் சின்ன வேசத்தில் வந்த ஸ்டீவ் கரெலைக் கதாநாயகனாக்கி, அதே இயக்குநர் டொம் ஷேடியாக்கை வைத்து எடுத்தார்கள். அதுவரை வந்த கொமடிப் படங்களிலேயே ஆகக்கூடின செலவு எண்ட பேர் அதுக்குக் கிடைச்சது.

முதலில் அந்த "ஒரு மில்லியன் நட்டம்" கதையை முடிப்பம். வசூல் எண்டு போடுகிற எண், சனம் டிக்கெட்டுக்குக் கொடுத்த மொத்தக் காசு. அதில் தியேட்டர்காரன் தன்ர பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை அனுப்புவான். அமெரிக்காவில் ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேருவது ஏறத்தாழ பாதி, வெளிநாடுகளில் அதைவிடக் குறைவு. 174இல் பாதி 87. அதோட, 175 மில்லியன் எண்டது படம் எடுத்த செலவு மட்டும். விளம்பரச் செலவு தனி. ஆக, தியேட்டர் காசை மட்டும் பார்த்தால் நட்டம் ஒரு மில்லியன் இல்லை ராசா, எண்பது தொண்ணூறுக்கு மேல. டிவிடியும் தொலைக்காட்சி உரிமையும் இருக்குத்தான், அது எல்லாப் படத்துக்கும் உள்ளது. பொதுவா ஒரு படம் செலவைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு வசூலிச்சால்தான் தலை தப்பும்.

ஆனால் எனக்குக் கோபம் நட்டத்தில் இல்லை. காசு யுனிவர்சல் ஸ்டூடியோவின்ர, எங்கட வீட்டுக் காசில்லை. அந்தக் காசு எதுக்குப் போனது எண்டதில்தான் கோபம்.

கதை இதுதான். அமெரிக்கக் காங்கிரசுக்குத் தெரிவான இவானிடம் கடவுள் வந்து, நோவா மாதிரி ஒரு பேழை கட்டு எண்டு சொல்லுறார். கடவுள் வழக்கம்போல மோர்கன் ஃப்ரீமன். இதுக்காக வேர்ஜீனியாவில் குரோசே எண்ட ஊரில், பைபிளில் சொன்ன முந்நூறு முழக் கணக்கில், 450 அடி நீளப் பேழை ஒண்டை உண்மையாகவே கட்டினார்கள். பிறகு சோடி சோடியாக மிருகங்கள். உயிருள்ளது பாதி, கணினியில் செய்தது பாதி. கடைசியில் அணை உடைந்து வெள்ளம் வந்து, பேழை வொஷிங்டன் வீதியால் மிதந்து போகும். எல்லாம் பிரமாண்டம்தான். எந்த இடத்தில் சிரிக்கிறது?

முதல் பாகத்தில் இதே ஸ்டீவ் கரெல் செய்தி வாசிக்கிற காட்சியை நினைச்சுப் பாருங்கோ. ஜிம் கேரி கடவுளின்ர சக்தியால் அவரின் வாயைக் கட்டுப்படுத்த, மனுசன் நேரடி ஒளிபரப்பில் உளறிக் கொட்டுவார். ஒரு மேசை, ஒரு கோட், ஒரு முகம். அவ்வளவும்தான். அந்தச் சில நிமிசம் இல்லாட்டி இரண்டாம் பாகத்தில் இவானுக்கு இடமே இருந்திருக்காது. ஒரு மேசையில் விளைஞ்ச சிரிப்பை எடுத்து 450 அடிக் கப்பலில் ஏத்தினால் கூடும் எண்டு நினைச்சவர்களை என்ன சொல்லுறது?

இன்னும் கேளுங்கோ. 2005இல் இதே நடிகர், இதே ஸ்டூடியோ, த ஃபோர்ட்டி இயர் ஓல்ட் வேர்ஜின். செலவு 26 மில்லியன், வசூல் 177 மில்லியன். பேழைப் படத்தைவிட மூண்டு மில்லியன் கூட! அதில் நெஞ்சு மயிரை மெழுகு போட்டுப் பிடுங்குகிற காட்சியில் மனுசன் தன்ர சொந்த மயிரைத்தான் கொடுத்தார். அந்தக் கத்தல் நடிப்பில்லை. 2007இலும், பேழை வர மூண்டு கிழமைக்கு முதல், அதே யுனிவர்சல் நொக்ட் அப் படத்தை வெளியிட்டது. 30 மில்லியன் அளவில் செலவு, 219 மில்லியன் வசூல். ஒரே ஸ்டூடியோ, ஒரே மாதம்.

"ஹாங்கோவர் இரண்டாம் பாகம் ஓடினதுதானே" எண்டு கேட்பீங்கள். ஓம், ஓடினது. முதல் பாகம் 35 மில்லியன் போட்டு 460க்கு மேல எடுத்தது. இரண்டாவது 80 போட்டு 586. மூண்டாவது 103 போட்டு 362. ஒண்டிலும் நட்டமில்லை, ஒப்புக்கொள்ளுறன். ஆனால் போட்ட டொலர் ஒண்டுக்கு வந்தது பதின்மூண்டு, பிறகு ஏழு, பிறகு மூண்டரை. செலவு ஏற ஏறச் சிரிப்பும் ஏறினது எண்டு மூண்டையும் பார்த்த எவரும் சத்தியம் பண்ணமாட்டார்கள்.

காசு கூடினால் கொமடிக்கு என்ன நடக்குது எண்டால், பயம் வருது. 175 மில்லியனைத் திருப்பி எடுக்க வேணுமெண்டால் ஆறு வயசுப் பிள்ளையும் வரவேணும், அம்மம்மாவும் வரவேணும், தேவாலயம் போகிற சனமும் வரவேணும். ஆருக்கும் நோகாத பகிடிதான் வைக்கலாம். ஆருக்கும் நோகாத பகிடி எது? குருவி எச்சம். படத்தில் எத்தினை தரம் தலையில் விழுது எண்டு எண்ணிப் பாருங்கோ. மற்றது, கணினியில் பிறகு வரப்போகிற குரங்குக்காக வெறும் காத்தைப் பார்த்து நடிக்கிற கொமடியன், அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொல்லவும் ஏலாது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு வேகமாக எழுதுறன் எண்டால், இந்த நோய் எங்களுக்கும் இருக்கு. சென்னையில் ஒரு படம் வந்து இரண்டாம் நாளே "நூறு கோடி" போஸ்டர் வருது. அது மொத்த வசூலா, தயாரிப்பாளருக்கு வந்த பங்கா எண்டு கேட்காமல், இஞ்சை இருந்து எங்கட பெடியள் அந்த எண்ணுக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். படம் எப்பிடி எண்டு கேட்டால் கலெக்‌ஷனைச் சொல்லுறார்கள்.

போன வருசம் நான் ஒரு குறும்படக் கதையோடு ஒருத்தரிட்டப் போனன். பஸ் ஹோல்டில் இரண்டு கிழவர், வராத பஸ், பத்து நிமிசம். வாசிச்சுச் சிரிச்சார். சத்தமாகவே சிரிச்சார். சிரிச்சு முடிச்சுப்போட்டு, "தம்பி, இதில ஒரு பிரமாண்டம் இல்லையே. ஒரு ட்ரோன் ஷொட்டாவது வைக்கலாமே" எண்டார். ட்ரோன் வாடகை எவ்வளவு எண்டும் சொன்னார். அது என்ர முழுப் படத்தின்ர செலவைவிடக் கூட.

கிழவர் இரண்டு பேரும் இன்னும் பஸ்ஸுக்கு நிக்கினம்.