மயோர்க்காத் தீவில் எஞ்சி நிற்பவை: உல்லாசப் பயணமும் உள்ளத்தின் பார்வையும்

 

ஐரோப்பிய நாடுகளில் வாழும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் கோடை விடுமுறையில் மத்தியதரைக் கடல் தீவுகளுக்குச் சென்று வருவதுண்டு. அவற்றுள் ஸ்பெயின் நாட்டுக்கு உரிய மயோர்க்காவும் ஒன்று. ‘டிரைக்’ எனப்படும் மூன்று சக்கர மோட்டார் வண்டிகளில் அமர்ந்து, முன்னே செல்லும் வழிகாட்டியைத் தொடர்ந்து, மலைப்பாதைகளையும் கடலோர ஊர்களையும் சுற்றி வருவது அத்தீவின் உல்லாசங்களில் ஒன்றாக இருக்கிறது. இத்தகைய உலா மார்க்கத்திற்கு ஏற்றதுதானா என்று ஐயுறுவோர் நம்மிடையே உண்டு. வீண் கேளிக்கை என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோரும், விடுமுறையில் மார்க்கத்திற்கு என்ன வேலை என்று கேட்போரும் உண்டு. இவ்விரு சாராரும் பயணத்தின் பொருளைத் தவறவிடுகின்றனர் என்பதே அடியேனின் கருத்து.

பயணம் எதற்காக?

பூமியில் பயணம் செய்யுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. அன்கபூத் அத்தியாயத்தின் 20ஆம் வசனம், படைப்பின் தொடக்கத்தை எண்ணிப் பார்க்கும்பொருட்டுப் பயணம் செய்யச் சொல்கிறது. ஹஜ் அத்தியாயத்தின் 46ஆம் வசனமோ, பயணத்தால் விளங்கிக்கொள்ளும் உள்ளமும் கேட்கும் செவியும் வாய்க்க வேண்டும் என்பதை உணர்த்தி, உண்மையில் குருடாவது முகத்திலுள்ள கண்ணன்று, நெஞ்சிலுள்ள உள்ளமே என எச்சரிக்கிறது. ஆகவே, ஊர் சுற்றுவது ஆகுமா என்ற கேள்வியை விட, சுற்றும்போது எதைக் காண்கிறோம் என்ற கேள்வியே முதன்மையானது. இந்த அளவுகோலைக் கொண்டு மயோர்க்காவைப் பார்ப்போம்.

பெயர்களில் வாழும் அரபு

ஹிஜ்ரி 290, அதாவது கி.பி. 902இல் மயோர்க்கா முஸ்லிம்களின் ஆளுகைக்குள் வந்தது. 1229ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று அரகோன் மன்னர் முதலாம் ஜேம்ஸின் படை தலைநகருக்குள் புகுந்தது. அன்று ‘மதீனத்து மயூர்கா’ என வழங்கிய நகரமே இன்றைய பால்மா. அங்கிருந்த பெரிய பள்ளிவாசலின் இடத்தில் இன்று கடலை நோக்கியவாறு பேராலயம் நிற்கிறது. அரபுக் குளியலகத்தின் தூண்கள் தாங்கும் சிறு குவிமாடம் ஒன்றும் சில வளைவுகளும் தவிர, மூன்றேகால் நூற்றாண்டு ஆட்சியின் கட்டடங்களாகத் தலைநகரில் காணக்கிடைப்பவை மிகச் சிலவே.

ஆயினும் வண்டி நகரை விட்டு வெளியேறியதும், வழிகாட்டிப் பலகைகளே பாடம் நடத்தத் தொடங்குகின்றன. பினிஸாலம், பினியராய்ஷ் என ‘பினி’ என்று தொடங்கும் ஊர்ப்பெயர்களில் இன்னாருடைய மக்கள் எனப் பொருள்படும் ‘பனீ’ ஒளிந்திருக்கிறது. அல்கூதியா என்ற ஊரின் பெயர் குன்று எனும் பொருளுடைய ‘அல்குத்யா’வின் மருவல். பண்ணைக் குடியிருப்பைக் குறிக்கும் ‘அல்கெரியா’ என்ற சொல், குர்ஆனில் நம் பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஓதும் ‘கர்யா’தான். நீர்த்தொட்டியை அத்தீவினர் ‘அல்ஜுப்’ என்கின்றனர். யூஸுஃப் (அலை) அவர்களைச் சகோதரர்கள் இறக்கிவிட்ட பாழ்கிணற்றைக் குறிக்கும் ‘ஜுப்’ என்ற அதே சொல். மதரஸாவில் ஓதிய பிள்ளை ஒன்று வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்திருக்குமாயின், அந்தப் பலகைகளில் எத்தனை சொற்களை அதனால் அடையாளம் காண முடியும் என எண்ணிப் பாருங்கள்.

மன்னர்கள் போனார்கள், மடை நின்றது

தீவின் வடமேற்கில் ‘ஸெர்ரா த த்ரமுந்தானா’ மலைத்தொடர் எழுகிறது. 2011இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது, அதன் அழகை மட்டும் கருதவில்லை. சாந்து பூசாமல் கல்லடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்களும், ஒன்றோடொன்று இணைந்த நீர் அமைப்புகளும் கொண்ட, மனித உழைப்பு உருவாக்கிய நிலம் என்பதே அந்தச் சிறப்புக்குக் காரணம். இன்று நாம் காணும் சுவர்களில் பெரும்பகுதி பிற்காலத்தார் கட்டி விரித்தவை. எனினும், ஊற்று நீரை நிலத்தடி வழியாகச் சரிவிலேயே கொணர்ந்து, தொட்டியில் தேக்கி, வாய்க்காலில் விட்டு, வயல்தோறும் முறை வைத்துப் பாய்ச்சும் ஒழுங்கின் வேர் முஸ்லிம் உழவர்களுடையது. தொட்டிக்கு ‘ஸஃபரேஜ்’, வாய்க்காலுக்கு ‘ஸேக்கியா’ என இன்றும் வழங்கும் சொற்கள் ‘ஸஹ்ரீஜ்’, ‘ஸாக்கியா’ என்ற அரபுச் சொற்களின் வழிவந்தவையே. கடலுக்கு மேல் படிப்படியாக இறங்கும் பன்யல்புஃபார் ஊரின் வயல்களைப் பார்ப்போர் இதனை எளிதில் உணரலாம்.

சோயெர் பள்ளத்தாக்கின் ஆரஞ்சுத் தோப்புகளும் நமக்கு அந்நியமானவை அல்ல. ஆரஞ்சைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லான ‘நாரன்ஹா’, அரபு ‘நாரஞ்ஜ்’ என்பதிலிருந்து பிறந்தது. அதன் மூலத்தைத் தேடிப் பாரசீகம், வடமொழி எனப் பின்னே செல்லும் மொழியறிஞர் பலர், இறுதியில் நம் நாரத்தையின் உறவுச் சொல்லைக் காண்கின்றனர்.

இங்கேதான் உள்ளம் விழித்துக்கொள்ள வேண்டும். ஆட்சி போயிற்று, அரண்மனை கைமாறியது, அந்த உழவர்களின் சந்ததியினர் கொல்லப்பட்டனர், அடிமையாக்கப்பட்டனர், கடல் கடந்தனர். அவர்கள் வெட்டிய வாய்க்கால் மட்டும் நின்றது. வென்றவர்களும் அதே நீரையே வயலுக்குப் பாய்ச்சினர். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற நபி (ஸல்) அவர்களின் அறிவிப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. உண்பவர் யார், எந்த மதத்தவர் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஸதக்கத்துல் ஜாரியா என்று மேடைதோறும் நாம் பேசுவதன் பொருளை, அந்தக் கல் தொட்டிகளில் கண்ணாரக் காணலாம்.

கல்வியும் அவ்வாறே எஞ்சியது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ் நூல்களையும் இணைத்துத் தொகுத்த இமாம் அல்ஹுமைதீ (ரஹ்) பிறந்த மண் மயோர்க்காதான். இப்னு ஹஸ்ம் (ரஹ்) அவர்களும் அபுல் வலீத் அல்பாஜீ (ரஹ்) அவர்களும் 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புகழ்பெற்ற வாதம் நிகழ்த்தியதும் இத்தீவில்தான். அல்ஹுமைதீ தம் ஆசிரியர் இப்னு ஹஸ்மின் கல்வியைச் சுமந்து கிழக்கே சென்று, 1095இல் பக்தாதில் மறைந்தார். தீவின் பள்ளிவாசல் இன்றில்லை. அங்கே பிறந்தவரின் கிதாபை உலகெங்கும் ஆலிம்கள் இன்றும் புரட்டுகின்றனர்.

இரு தவறான பார்வைகள்

இவற்றைக் காணும்போது நம்மவர் இரண்டு பக்கங்களில் சறுக்குவதுண்டு. முதலாவது, இழந்த ஆட்சியை எண்ணிப் பெருமூச்சு விட்டு, பழம்பெருமை பேசுவதோடு நிறுத்திக்கொள்வது. முன்னோரின் வாய்க்காலைப் பாராட்டுபவர், தம் மஹல்லாவின் கழிவுநீர் பிறர் தெருவில் ஓடுவதைக் கண்டும் காணாதிருப்பாராயின், அந்தப் பாராட்டால் யாருக்கும் பயனில்லை.

இரண்டாவது, கூச்சம். பன்யல்புஃபாருக்கு அருகே கடலோரக் காவற்கோபுரம் ஒன்று உண்டு. வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த கொள்ளையரைக் கண்காணிக்க 16ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டது அது. வழிகாட்டி அக்கதையைச் சொல்லும்போது, நம் பிள்ளைகள் தலை குனியவும் வேண்டாம், சினம் கொள்ளவும் வேண்டாம். முஸ்லிம் பெயருடையோர் கடலோர ஊர்களைச் சூறையாடியதும் மனிதரைப் பிடித்துச் சென்றதும் வரலாறே. நம்முடையோர் செய்தது என்பதற்காக அநீதி நீதியாகிவிடாது. நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராயினும் நீதிக்கே சாட்சி பகருமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கோபுரத்தையும் வாய்க்காலையும் ஒருங்கே காட்டி, எதை விட்டுச் செல்ல விரும்புகிறாய் என்று பிள்ளையிடம் கேட்பதே பெற்றோர் செய்ய வேண்டியது.

வண்டி ஏறும் முன்

டிரைக் என்பது நம்மூர் ஆட்டோவைப் போன்றதன்று. பெரும்பாலும் முன்னே ஒரு சக்கரமும் பின்னே அகன்ற இரு சக்கரங்களும் கொண்டது. மோட்டார் சைக்கிளைப் போன்ற கைப்பிடி. கதவும் கூரையும் இல்லை. இரு சக்கர வண்டி வளைவில் சாய்ந்து கொடுக்கும். டிரைக் சாயாது, ஆதலால் உடல் வெளிப்புறமாகத் தள்ளப்படும். மோட்டார் சைக்கிள் ஓட்டிய பழக்கமே இங்கு ஏமாற்றிவிடக்கூடும். மலைச்சாலையிலோ ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். போக்குவரத்தும் நம் நாட்டு வழக்கத்திற்கு மாறாக வலப்பக்கம். உரிமமும் பழக்கமும் இல்லாதவர் ஓட்டத் துணியாமல், ஓட்டுநருடன் கூடிய வண்டியை அமர்த்திக்கொள்வதே முறை. உங்கள் கைகளால் உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற இறைக்கட்டளை விடுமுறையிலும் பொருந்தும். தலைக்கவசம் அணிவது, ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதைச் சேர்ந்தது. பெண்கள் தலைக்கவசத்தின் உள்ளே பொருந்தும் சிறிய, இறுக்கமான ஹிஜாபை அணிந்து, அங்கியின் தொங்கலைச் செருகிக்கொள்வது கட்டாயம்; காற்றில் பறக்கும் துணி சக்கரத்தில் சிக்கினால் என்னவாகும் என்பது நாம் அறியாததன்று. ஒரே இருக்கையை நெருங்கிப் பகிர்வோர் மஹ்ரமானவர்களாக இருக்கட்டும். ஏறியதும் வாகன துஆவை ஓதுங்கள். இந்த இயந்திரம் நம் வலிமையால் வசப்பட்டதன்று என்பதும், நம் இறுதிப் பயணம் இறைவனிடமே என்பதும்தானே அதன் சாரம்!

தொழுகை விஷயத்தில் கோடைகால மயோர்க்கா எளிதானது. ளுஹர் நேரம் பிற்பகல் 2 மணியை ஒட்டித் தொடங்குகிறது. ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கில் அஸர் மாலை 6 மணியை நெருங்கி வருகிறது. மஃரிப் இரவு 9 மணிக்குப் பின்னரே. காலையில் புறப்படும் உலாவைத் தேர்ந்தால் எந்தத் தொழுகைக்கும் இடையூறு நேராது. ஒரு வாரம் தங்குவதென நிய்யத் வைத்தோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஷாஃபிஈ மத்ஹபில், சென்றடையும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுதாக 4 நாட்கள் ஓரிடத்தில் தங்க எண்ணியவர் முழுமையாகவே தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அந்த எல்லை 15 நாட்கள். பால்மாவிலிருந்து சோயெர் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் என்பதால், இந்த உலா மட்டும் கஸ்ருக்குரிய பயணமாகிவிடாது.

உணவில் விழிப்புத் தேவை. இளைப்பாறும் இடத்தில் சுருள் வடிவில் மாவுச் சர்க்கரை தூவிய ‘என்ஸைமாதா’ என்ற பலகாரத்தைத் தருவார்கள். பார்த்தால் நம் பேக்கரித் தின்பண்டம் போலிருக்கும். மரபுப்படி அது பன்றிக் கொழுப்பில் செய்யப்படுவது. அப்பெயரிலுள்ள ‘ஸைம்’ என்பதே அக்கொழுப்பைக் குறிக்கும் சொல்.  மதுச் சுவைப்புக்காக நிறுத்தும் உலாக்களும் உண்டு. பதிவு செய்யும்போதே அந்நிறுத்தத்தை விலக்கக் கேளுங்கள். மறுத்தால் வேறு உலாவை நாடுங்கள்.

பாதையின் உரிமை

இறுதியாக, பலரும் எண்ணாத ஒன்று. 10 லட்சம் மக்களை எட்டாத அத்தீவுக்கு ஆண்டுதோறும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். வாடகை உயர்வும் நெரிசலும் தாங்காமல், 2024 ஜூலையில் பால்மா வீதிகளில் ஆயிரக்கணக்கான உள்ளூர் மக்கள் அளவுமீறிய சுற்றுலாவுக்கு எதிராக அணிவகுத்தனர். குறுகலான கல்வீதிகளில் வரிசையாக உறுமிச் செல்லும் வண்டிகள் அவர்களுடைய ஜன்னலுக்குக் கீழேதான் செல்கின்றன. பாதைக்கு அதன் உரிமையைக் கொடுங்கள் என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், பார்வையைத் தாழ்த்துவதையும் பிறருக்குத் தொல்லை தராதிருப்பதையும் அவ்வுரிமைகளாக எண்ணிக் காட்டினார்கள். ஊருக்குள் வேகத்தையும் ஓசையையும் குறைப்பதும், கேட்காமல் பிறர் முற்றத்தைப் படமெடுக்காதிருப்பதும், விடுதியில் தண்ணீரைச் சிக்கனமாகப் புழங்குவதும் அந்த உரிமையில் அடங்கும். துளித்துளியாக நீரைச் சேமித்த முஸ்லிம்களின் தீவில், முஸ்லிம் பயணி குழாயைத் திறந்துவிட்டுப் போவது எத்தனை பெரிய முரண்!

ஆகவே, வசதியுள்ளோர் வீண்விரயமின்றிச் செல்லட்டும். மலைக்காற்றையும் கடலின் நீலத்தையும் கண்டு மகிழட்டும். அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு மகிழ்வதில் குற்றமில்லை. திரும்பி வந்தபின், பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு கேள்வியை எழுப்புங்கள்: நம் குடும்பத்தின் பெயர் மறைந்த பின்னும், நம்மை அறியாதவர்கள் பயன் பெறும்படி நாம் எதைச் செய்து வைத்திருக்கிறோம்? ஒரு கிணறோ, ஒரு மரமோ, ஒரு மாணவருக்குக் கற்பித்த எழுத்தோ இருந்தால் போதும்.

கண்ணோடு உள்ளமும் திறந்த பயணங்களை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக. ஆமீன்.