மஃப்ளருக்குள் இருக்கும் அறிவியல்

டிசம்பர் வந்துவிட்டால், காலை ஆறு மணிக்கு ஓசூர் மைதானங்களில் ஓடும் பிள்ளைகளின் வாயிலிருந்து ‘புகை’ வரும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. மலைக்குக் கீழே கிருஷ்ணகிரியில் இல்லாத குளிர் இங்கே உண்டு.

எதிர்வீட்டுப் பையன் எட்டாவது படிக்கிறான். பள்ளி ஓட்டப் பந்தயத்துக்காகத் தினமும் பயிற்சி. போன வாரம் திடீரென்று ஆளைக் காணோம். அவன் அம்மாவைக் கேட்டேன்.

“பனியில ஓடி சளி பிடிச்சிருச்சுக்கா. நெஞ்சுல விசில் அடிக்குது. இனிமே ஓட்டமே வேண்டாம்னுட்டேன்.”

உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது: “எனக்கு மூக்கே ஒழுகல ஆன்ட்டி. ஓடி நின்னப்புறம்தான் இருமல் வருது. ஒரு மணி நேரத்துல சரியாயிடுது.”

விஷயம் அங்கேதான் இருக்கிறது. சளியைக் கொண்டுவருவது வைரஸ். அது ஓடி முடித்ததும் வந்து, ஒரு மணி நேரத்தில் போய்விடாது. இது வேறு.

14 டிகிரி குளிரில் இருக்கும் காற்று, மூடுபனியில் முழுக்க ஈரமாக இருந்தாலும், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 12 கிராம் நீராவியைத்தான் தாங்கும். நுரையீரலுக்குப் போய்ச் சேரும்போது அதே காற்று 37 டிகிரி சூட்டில், சுமார் 44 கிராம் நீராவியோடு இருக்க வேண்டும். மிச்சத்தைக் கொடுப்பது நம் மூச்சுப்பாதை. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றை மூக்கு வழியாக இழுக்கிறோம். மூக்கு அதைச் சூடாக்கி, ஈரமாக்கி அனுப்பிவிடும். வேகமாக ஓடும்போது பல மடங்கு காற்று, அதுவும் வாய் வழியாக நேரே உள்ளே போகிறது. மூச்சுக்குழாயின் உட்சுவர் உலர்கிறது. சிலருக்கு அதைச் சுற்றியுள்ள தசை இறுகி, குழாய் சுருங்குகிறது. அந்த விசில் இதுதான்.

பனிச்சறுக்கு வீரர்களிடம் இந்தத் தொல்லை மிக அதிகம். மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போனால் நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டியை நடத்தக் கூடாது என்று சர்வதேச விதியே இருக்கிறது. ஆனால் அவர்கள் விளையாட்டை விட்டுவிடுவதில்லை. குளிர்கால ஒலிம்பிக்கில் 15 பதக்கங்கள் வென்ற நார்வே வீராங்கனை மாரிட் பியோர்கனுக்கும் ஆஸ்துமா உண்டு. உரிய அனுமதியோடு மருந்து எடுத்துக்கொண்டுதான் அவர் போட்டியிட்டார்.

பனிச்சறுக்கு வீரர்கள் பலர் பயிற்சியின்போது ஒரு முகமூடி போடுவார்கள். வெளிவிடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்துவைத்து, அடுத்த மூச்சோடு திருப்பிக் கொடுப்பதுதான் அதன் வேலை. நம் வீட்டு அம்மாக்கள் மூக்கையும் வாயையும் சேர்த்துச் சுற்றிவிடும் மஃப்ளரும் அதையேதான் ஓரளவு செய்கிறது!

இன்னொன்றும் உண்டு. குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிக் கீழேயே தங்க, மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். நெடுஞ்சாலை லாரிப் புகையும் ஆலைப் புகையும் மேலே போக வழியின்றி நம் மூக்கு உயரத்திலேயே நிற்கும். வெயில் ஏறினால்தான் மூடி திறக்கும்.

அதனால் நெடுஞ்சாலையை விட்டுத் தள்ளியுள்ள மைதானம் நல்லது. முடிந்தால் வெயில் வந்தபிறகு ஓடலாம். எடுத்த எடுப்பில் வேகம் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவோட்டம், நடுநடுவே சின்னச் சின்னதாக வேக ஓட்டம் என்று உடம்பைப் பழக்கினால் பலருக்குத் தொல்லை குறையும். விசில் சத்தம் திரும்பத் திரும்ப வந்தாலோ, நெஞ்சு இறுகினாலோ, மூச்சு வாங்குவது அடங்காவிட்டாலோ மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கஷாயத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

எதிர்வீட்டு அம்மா பையனை அழைத்துப்போய்க் காட்டினார். ஓடும் முன் எடுத்துக்கொள்ள இன்ஹேலர் எழுதிக்கொடுத்த மருத்துவர், “ஓட்டத்தை நிறுத்தாதீங்க” என்றும் சொல்லி அனுப்பினாராம்.

இன்று காலை ஏழரை மணிக்கு அவன் கிளம்பியதைப் பார்த்தேன். கழுத்தில் அப்பாவின் மஃப்ளர். “மூக்கு வரைக்கும் இழுத்து விடுடா!” என்று வாசலிலிருந்து சத்தம் வந்தது. இழுத்துவிட்டுக்கொண்டே ஓடினான்.