சேர்த்து வைப்பது தப்பில்லை, எப்போது சேர்க்கிறோம் என்பதுதான் கேள்வி



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் அடுக்களை அலமாரியைப் பார்த்துவிட்டு, "கொரோனாதான் போயிருச்சே சார், இன்னுமா சேர்த்து வைக்கிறீங்க?" என்று சிரித்தார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். அன்று நள்ளிரவு முதலே 21 நாள் ஊரடங்கு. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். மளிகைக் கடைகூடத் திறக்காது. முந்தின நாள் சனிக்கிழமை, மதுரையே கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. ஒரு மாதம் நோய்க்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தவர்கள் அன்று ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு நின்றோம்.

நான் வாங்கியது 25 கிலோ அரிசி, 5 கிலோ துவரம்பருப்பு, இன்னும் என்னென்னவோ. எனக்குப் பின்னால் நின்றவர் எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அம்மா. ஒரு மாதமாக அவருக்குத் தொழில் இல்லை. அரை கிலோ பருப்பு கேட்டார். "துவரம்பருப்பு தீர்ந்துபோச்சுக்கா" என்றார் கடைக்காரர். என் பையில் 5 கிலோ இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்துக் கொடுக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒரு நாளைக்கு 100 கிராம் பருப்பு போதும். 5 கிலோ என்றால் 50 நாளைக்கு வரும். ஊரடங்கோ 4 நாள். உங்களுக்கெல்லாம் வகுத்தல் சொல்லிக்கொடுத்தவன் அன்று கணக்கே போடவில்லை. ஆடி மாதம் மிச்சப் பருப்பில் வண்டு விழுந்தது.

அவ்வளவு வாங்கியும் முக்கியமானதை மறந்துவிட்டேன். இரண்டாம் நாள் என் மனைவியின் பிரஷர் மாத்திரை தீர்ந்தது. மருந்துக்கடை திறந்திருந்தது, ஆனால் அந்த மாத்திரை மட்டும் இல்லை. அனுமதிச் சீட்டு வைத்திருந்த உங்களில் ஒருவர்தான் நாலு கடை அலைந்து வாங்கி வந்து, வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கையசைத்துப் போனார். அவரும் இதைப் படிப்பார்.

வீட்டில் பொருள் சேர்த்து வைப்பது சுயநலம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் அம்மா கோடையிலேயே புளி, மிளகாய், வற்றல், வடகம் எல்லாம் வருஷத்துக்கும் சேர்த்து வைப்பார். அதனால் யாருக்கும் எதுவும் குறைந்ததில்லை. கடை நிறைந்திருக்கும்போது வாங்கினால் அது முன்யோசனை. கடை காலியாகும் நாளில் அள்ளினால் அடுத்தவர் பங்கை எடுத்ததாகும். வசதி உள்ளவன் முன்னாலேயே வாங்கி வைத்தால்தான், அந்தக் கடைசி நாளில் அன்றாடக் கூலிக்காரருக்குக் கடையில் பொருள் இருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் 15 நாள் கணக்கு. மாதச் சாமானோடு அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கூடுதலாக வாங்கிச் சேர்த்தது. பழையதை முதலில் எடுத்துவிட்டு, புதியதைப் பின்னால் வைக்கிறோம். பட்டியலில் முதல் வரி மாத்திரை, அதுவும் ஒரு மாதத்துக்கு. பிறகு காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தெர்மாமீட்டர். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒரு சிலிண்டர் தீர்ந்த அன்றே அடுத்ததற்குப் பதிவு செய்துவிடுகிறோம்.

அதோடு, இன்னொரு வீட்டுக்கும் ஒரு வாரத்துக்கு ஆகும் அரிசி, பருப்பு தனியாக ஒரு டப்பாவில் இருக்கிறது. அது யாருக்கென்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். அன்று கடையில் நடந்ததைப் பற்றி அந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

இந்த மாதச் சாமான் பட்டியல் போடும்போது ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள். ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவின் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.