சண்டைக்கு முன் மூன்று இரவுகள் மீட்டரைப் பார்ப்போம்



கரண்ட் பில் வந்த அன்று நமது ஊர் வீடுகளில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். "இந்த மாசம் ஏசி பெரிசாப் போடவும் இல்ல, எப்படி இவ்வளவு?" என்று வாப்பா கேட்பார். உம்மா பிள்ளைகளின் போன் சார்ஜரைக் காட்டுவார். வாடகைக்கு இருப்பவர் வீட்டுச் சொந்தக்காரரைச் சந்தேகிப்பார்; சொந்தக்காரர் அவரைச் சந்தேகிப்பார். சில இடங்களில் பக்கத்து வீட்டார் நமது வயரில் கொளுவி எடுக்கிறார்கள் என்ற கதை வரைக்கும் போய்விடும். ஆனால் மீட்டரைப் போய்ப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

ஒருவர் மீது பழி போடுவதற்கு முன் மூன்று இரவுகள் மீட்டரைப் பார்க்க வேண்டும் என்பதே நமது கருத்து. பகலில் மோட்டர், அயர்ன், கிரைண்டர், டீவி என்று எல்லாம் ஓடும். கணக்குப் பிடிக்க முடியாது. இரவில் வீடே தூங்கும்போது ஓடுபவை நாலைந்து சாமான்கள்தான். அப்போது கணக்கில் இடிக்கும் யுனிட் தானாக வெளியே தெரியும்.

செய்முறை இலகுவானது. படுக்கும்போது, இரவு 10.30க்கு என்று வைத்துக்கொள்வோம், மீட்டரைப் போனில் ஒரு படம் எடுங்கள். காலை 4.30க்கு, சுபஹுக்கு எழும்பும்போது, இன்னொரு படம். இடையில் ஆறு மணித்தியாலம். இரண்டு சீலிங் பேன் 70 வொட் வீதம் ஆறு மணித்தியாலம் ஓடினால் 0.84 யுனிட். நல்ல நிலையில் உள்ள சாதாரண பிரிட்ஜ் அந்த நேரத்துக்கு அரை யுனிட்டைத் தாண்டாது. ஆக ஏசி இல்லாத வீட்டில் ஒன்றேகால் யுனிட் அளவில் வரவேண்டும். மீட்டர் மூன்று யுனிட் காட்டினால் ஏறத்தாழ 280 வொட் எங்கோ ஓடிக்கொண்டே இருக்கிறது.

அடுத்தது, அதைத் தேடுவது. டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு யுனிட்டுக்கு எத்தனை தடவை சிவப்பு விளக்கு மின்னும் என்று எழுதியிருக்கும். 1600 என்று இருந்தால், 22 அல்லது 23 செக்கனுக்கு ஒரு தடவை மின்னுவது 100 வொட்டைக் குறிக்கும். ஒருவர் மீட்டருக்குப் பக்கத்தில் நிற்க, மற்றவர் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எதை இறக்கும்போது மின்னல் மெதுவாகிறதோ, ஆள் அந்த லைனில் இருக்கிறது.

பெரும்பாலும் போன் சார்ஜர் அகப்படாது. அது எடுப்பது மிகச் சொற்பம். அகப்படுபவை வேறு. கழிவறைச் சிஸ்டனில் சத்தமில்லாமல் ஒழுகும் தண்ணீர். அதனால் மேல் டாங்கி குறைந்து, ஓட்டோ சுவிட்ச் உள்ள மோட்டர் நடுச்சாமத்தில் எழும்பி ஓடும். கதவு ரப்பர் விட்டுப்போன பிரிட்ஜ். ஐஸ் பக்கெட் விற்பதற்காக வாங்கி, இப்போது பாதி வெறுமையாக ஓடும் ப்ரீசர். சோறு வெந்த பிறகும் விடியும் வரை சூடாக்கிக்கொண்டிருக்கும் ரைஸ் குக்கர்.

ஏசி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டும் பம்பு அது. கதவுக்கடியில் இடைவெளி இருந்தால் கொட்டிய சூடு திரும்பி வரும். பம்புக்கு ஓய்வு கிடையாது. பில்டரில் தூசி அடைத்தாலும் இதே கதைதான். 18இல் வைத்தால் கெதியாகக் குளிரும் என்பதும் தவறான நம்பிக்கை. 26இல் வைத்து பேனையும் மெதுவாகச் சுற்ற விடுங்கள்.

மெயின் சுவிட்சை முழுதாக இறக்கிய பிறகும் விளக்கு மின்னினால், அது நீங்கள் கை வைக்கும் வேலை அல்ல. படத்தோடு உங்களுக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். எல்லாச் சாமான்களையும் கழற்றிய பிறகும், பிரேக்கர் போட்டதும் மின்னினால் சுவருக்குள் வயர் கசியலாம். அது பில் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை. தகுதியான எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேரடியாகக் கொடுப்பவர்களை வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

"விலையைக் கூட்டியவர்களை விட்டுவிட்டு எங்களுக்குப் பாடம் நடத்துகிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டணம் அதிகம் என்று குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நமது கட்டண முறையின் அமைப்பைப் பாருங்கள். மாதம் 60 யுனிட்டைத் தாண்டினால் முதல் யுனிட்டுகளுக்கும் விலை கூடுகிறது. அதன் பிறகு 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் கூடுகிறது. இரவும் பகலும் வீணாக ஓடும் வெறும் 40 வொட், மாதத்துக்கு 29 யுனிட். அதாவது ஏறத்தாழ ஒரு முழுப் படி. வீணாகப் போகும் யுனிட்டுக்குத்தான் நாம் ஆகக் கூடிய விலையைக் கொடுக்கிறோம்.

58 யுனிட்டில் பழைய பிரிட்ஜை வைத்துச் சமாளிக்கும் குடும்பத்துக்குச் சிக்கனம் பற்றி உபதேசம் செய்ய நாம் வரவில்லை. அவர்களுக்கு உபதேசத்தை விட ஒரு ரப்பர் மாற்றிக் கொடுப்பது உதவி. முதலில் பார்க்க வேண்டியவர்கள் வசதி உள்ளவர்கள்தான். கூரையில் சோலர் இருக்கிறது, நமக்கென்ன என்று இருப்பவர்களும் யோசிக்க வேண்டும். பேட்டரி இல்லாத சோலர் இரவில் ஒரு பேனைக்கூடச் சுற்றாது. அந்த நேரத்தில் வருவது நீர்த்தேக்கங்களிலிருந்தும், நுரைச்சோலை நிலக்கரியிலிருந்தும், எண்ணெயிலிருந்தும்.

பொது இடங்களையும் சொல்லியாக வேண்டும். பள்ளிவாசலின் பில் ஊராரின் சந்தாவில் கட்டப்படுகிறது, அது அமானிதம். இஷாவுக்குப் பிறகு எது ஓடுகிறது என்று நிர்வாகம் ஒரு தடவை பார்க்கட்டும். பாடசாலையில் வெள்ளி பின்னேரம் பூட்டிய பிறகு திங்கள் வரை வாட்டர் கூலர் யாருக்காக ஓடுகிறது என்று ஆசிரியர்களாகிய நாங்கள் கேட்போம்.

இந்த வேலையை வீட்டுப் பெண்களின் தலையில் கட்டி, பிறகு அவர்களையே விசாரிக்கும் வழக்கமும் போதும். தரம் எட்டில் படிக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு முழுவதும் விளங்கும். மூன்று நாள் இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். கையில் இலக்கம் இருந்தால் பக்கத்து வீட்டாரைப் பற்றிய பேச்சுக்கு இடமே இருக்காது.

இன்ஷா அல்லாஹ், இன்றிரவே முதல் படத்தை எடுங்கள். உங்கள் வீட்டில் எது அகப்பட்டது என்று கீழே எழுதினால் மற்றவர்களுக்கும் பிரயோசனமாக இருக்கும்.